சடையாண்டிக்கு ஒரு தோட்டா

நெல்லிக்கொம்பையில் ஆள் செத்தால் முதலில் அழமாட்டார்கள், முதலில் துப்பாக்கியைத்தான் கூப்பிடுவார்கள். குளிப்பாட்டி, கோடித்துணி உடுத்தி, மூக்கில் பஞ்சு வைத்து, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, முற்றத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்திவிட்டு, சனம் முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அய்யாவு தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பொழுது வானத்தில் இருக்கும்போதே மேலே பார்த்து ஒரே ஒரு வெடி போடுவார். அந்தச் சத்தம் எதிர்மலையில் முட்டித் திரும்பி வந்து பள்ளத்தில் அடங்கியபிறகுதான் பெண்டுகள் தலைமுடியை அவிழ்ப்பார்கள், மேளம் கொட்டும், மாமன் மச்சான் சண்டை ஆரம்பிக்கும். ஏன் இப்படி என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. பக்கத்து மலைக்காரர்கள் கேலி பேசுவதுண்டு, ஆனால் அவர்கள் பேச்சை நெல்லிக்கொம்பை எப்போது மதித்தது.

அந்த வெடிக்கென்று ஒரு தோட்டா எப்போதும் கன்னிமார் கோயில் மஞ்சள் பானைக்குள் துணி சுற்றி இருக்கும். எடுத்துச் சுட்டால் அடுத்த சந்தைக்குள் அய்யாவு கீழே இறங்கிப்போய் வேறொன்று வாங்கிவந்து வைத்துவிடவேண்டும், அது அவர் குடும்பத்துக்கு ஊர் கொடுத்த வேலை. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ஊரில் அது ஒன்றுதான். பயிரைக் காத்துக்கொள்ளச் சொல்லி அவருடைய அப்பா காலத்தில் சர்க்கார் கொடுத்தது. பன்றியை விரட்டவும் மனிதரை வழியனுப்பவும் அந்த ஒன்றையே வைத்து ஊர் ஒப்பேற்றிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் தோட்டாவுக்குப் பஞ்சம் வந்தது. தேர்தல் என்று சொல்லித் துப்பாக்கியை வாங்கி ஸ்டேஷனில் பூட்டி வைத்தார்கள், தேர்தல் முடிந்து துப்பாக்கி திரும்பி வந்தது, தோட்டா வரவில்லை. தயாரிக்கிற கம்பெனி படுத்துவிட்டது என்றார் ஒருவர். கண்காணாத தேசத்தில் சண்டை, எல்லாத் தோட்டாவும் கப்பலேறிவிட்டது என்றார் இன்னொருவர். கீழே கடைக்காரர் எதுவும் சொல்லாமல் காலி அலமாரியைத் திறந்து காட்டினார். மஞ்சள் பானையில் இருந்த ஒன்றை மட்டும் எண்ணி ஊர் தைரியமாக இருந்தது. சாவதற்கு ஆள் யாரும் தயாராக இல்லை என்பதால் அந்தத் தைரியம் கொஞ்சநாள் தாங்கியது.

பன்றிகளுக்கு யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. துப்பாக்கி வெறும் குழல் என்று தெரிந்துகொண்டு, குட்டிகளோடு குடும்பம் கூட்டி வந்து, வாழைக்கிழங்கைத் தோண்டி, மென்று துப்பி, உருண்டு புரண்டு, சாவகாசமாகத் திரும்பிப் போயின. டப்பா தட்டினால் நின்று கேட்டன. தீப்பந்தம் பிடித்தால் அந்த வெளிச்சத்தில் தின்றன. தவமணியின் புருஷன் சடையாண்டிக்கு இருந்தது சரிவில் ஒரு வாழைத்தோட்டமும் நாலு மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடியும்தான். அந்த வாழை வெட்டினால்தான் தை மாசம் மகள் பூங்கொடிக்குக் கல்யாணம். பாதித் தோட்டம் போனபிறகு அவர் அய்யாவு வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். பானையில் இருப்பதை எடுங்கள், பெரிய பன்றி ஒன்று விழுந்தால் மற்றதெல்லாம் ஓடிவிடும் என்றார். அது சாவுக்கு உள்ளது, தொடக்கூடாது என்றார் அய்யாவு. இந்த ஊரில் இப்போது சாகப்போவது என் வாழை ஒன்றுதான், அதற்காவது எடுங்கள் என்று சடையாண்டி கண்கலங்கிச் சொல்ல, மனிதர் இளகிவிட்டார்.

அந்தி நேரத்தில் தோட்டத்து மேட்டிலிருந்து அய்யாவு சுட்டார். ரவை முழுக்க ஒரு வாழைத்தண்டில் பாய்ந்தது, பன்றி முனகிக்கொண்டே நடந்துபோனது. அடுத்த வாரம் அதே மேட்டில், அதே வாழைக்குப் பக்கத்தில், மண்வெட்டியை ஊன்றிய வாக்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சடையாண்டி செத்துப்போனார்.

தவமணி கூந்தலை முடிந்தபடியே புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தொண்டைக்குள் அழுகை கல்லாக நின்றது, ஆனால் வெடி போடாமல் அழக்கூடாது. அய்யாவு காலையிலேயே பஸ்ஸைப் பிடித்துக் கீழே போயிருந்தார். சனம் ஈ ஓட்டிக்கொண்டு காத்திருந்தது. வெயில் உச்சியிலிருந்து இறங்கியபோது சடையாண்டி எழுந்து உட்கார்ந்தார், மூக்கிலிருந்த பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார், கால் விரல் கட்டைத் தானே குனிந்து அவிழ்த்தார்.

"இன்னும் போடலையா?" என்று கேட்டார்.

அய்யாவு போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று யாரோ பதில் சொன்னார்கள். சரி என்று அவர் எழுந்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முற்றத்து ஓரத்தில் கருங்கல் அடுக்கிய சுவரில் போய் உட்கார்ந்துகொண்டார். சமவெளியிலிருந்து துக்கத்துக்கு வந்திருந்த சம்பந்தி ஒருவர் மட்டும் மயங்கி விழுந்தார், அவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். மற்றபடி ஊர் அதை ஒரு தாமதமாகத்தான் எடுத்துக்கொண்டது. பஸ் வராவிட்டால் ஆள் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருப்பதில்லையா, அந்த மாதிரி. தவமணிக்குத்தான் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொண்டது, அது புருஷன் எழுந்ததற்காக அல்ல. எழுந்த மனிதருக்கு யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்திவிடாமல் அவரவர் வீட்டுக்கு உலை வைக்கக் கிளம்பிப் போனார்களே, அதற்காக.

அய்யாவு வெறுங்கையோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு யோசனையாக வந்தது. கோயில் திருவிழாவுக்கு வாங்கி மிஞ்சியிருந்த வெடிகளைக் கொளுத்திப் பார்த்தார்கள், சடையாண்டி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு இது தீபாவளிச் சத்தம் என்று தலையை ஆட்டினார். கல்குவாரியிலிருந்து மருந்து வாங்கிவந்து பாறையைப் பிளந்தார்கள், அதற்கும் அவர் அசையவில்லை. தேயிலைக் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவன் துப்பாக்கிச் சத்தத்தைச் செல்போனில் பிடித்து, கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் கட்டி அலறவிட்டான். சடையாண்டி மரியாதைக்காகக் கொஞ்சநேரம் கண்ணை மூடிப் படுத்திருந்துவிட்டு எழுந்துகொண்டார். அவருக்கென்ன, மனசு நோகடிக்கத் தெரியாத மனிதர்.

பிறகு ஊர் அவரோடு பழகிக்கொண்டது. ரேஷன் கடை மிஷினில் அவர் கைரேகை விழவில்லை, விரல் அவ்வளவு குளிர்ச்சி. சாப்பிடாத ஆளுக்கு அரிசி எதற்கு என்று விற்பனையாளர் கேட்டதும் சரியாகத்தான் பட்டது. இறப்புச் சான்றிதழுக்குப் போனால், எனக்கு வணக்கம் வைக்கிற ஆளுக்கு எப்படிச் சான்றிதழ் தருவது என்று கிராம அதிகாரி கையை விரித்தார். தவமணி குங்குமம் வைக்கலாமா கூடாதா என்று பெண்டுகள் குழாயடியில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வெடி போடும்வரை சுமங்கலிதான் என்று கடைசியில் தீர்ந்தது, ஆனால் வளைகாப்பு வீட்டில் அவளுக்கு இலை போட யோசித்தார்கள். பூங்கொடியை முடிவு செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார் தன்மையாகச் சொல்லி அனுப்பினார்கள்: அனுப்பாத பிணம் உள்ள வீட்டில் நாங்கள் கைநனைக்க முடியாது, உங்கள் காரியம் முடிந்தபிறகு நம் காரியம், தைக்குள் முடியாவிட்டால் தப்பாக நினைக்கக்கூடாது.

தோட்டா இல்லை என்பதற்காகச் சாவு நிற்குமா. டீக்கடை முத்தையா செத்தார், செத்த மறுநாளே கடையைத் திறந்தார், கை குளிர்ச்சியில் டீ ஆறிப்போகிறது என்று ஆட்கள் குறைபட்டார்கள். இலவமரத்திலிருந்து விழுந்தவர் ஒருவர், காய்ச்சலில் போன ஒரு வாத்தியார், பிரசவத்தில் போன சின்னப்பெண் ஒருத்தி. அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்க முயன்று முடியாமல் மடியில் வெறுமனே வைத்துக்கொண்டிருந்ததை ஊர் ஒரு நாள் பார்த்துக் கலங்கியது, மறுநாள் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டது. பகலெல்லாம் இவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தவமணி வீட்டுக் கல்சுவரில் சடையாண்டியோடு வரிசையாக உட்காருவார்கள். உயிரோடு இருப்பவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் செத்தவர்கள் நாசூக்காக எழுந்து தள்ளிப் போவார்கள், தங்களுக்குள் மட்டும் இடம் விட்டுக்கொள்வார்கள். பேச்சு ஒன்றும் இருக்காது, எல்லார் கண்ணும் வானத்திலேயே இருக்கும்.

இத்தனை வீடு இருக்கும்போது எல்லாரும் சேர்ந்து ஒரு தோட்டா வாங்க முடியாதா என்று தோன்றலாம். தவமணிக்கும் தோன்றியது, வீடு வீடாகப் போனாள். அங்கேதான் அவளுக்கு இரண்டாவது அடி விழுந்தது. காலரா வந்த காலத்தில் ஒரே வெடிக்கு ஒரு தெருவே படுத்தது என்று ஊருக்கு நினைவு இருந்தது. சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிற செத்தவர் எல்லாரையும் அந்த ஒரு சத்தம் அனுப்பிவிடும். அதனால் யார் வாங்கினாலும் எல்லாருக்கும் ஆகும். அதனாலேயே யாரும் வாங்கவில்லை. எப்படியும் தவமணி வாங்கிவிடுவாள், அவளுக்குத்தான் கல்யாண அவசரம் என்று முத்தையா பெண்டாட்டி திண்டுக்கல் போய்த் தையல் மிஷின் வாங்கிவந்தாள். வாத்தியார் மகன், பார்க்கலாம் சித்தி, வாங்கும்போது சொல்லுங்கள் என்றான். வாங்கும்போது சொல்ல எதற்கு, காதில்தான் விழுமே என்று தவமணி முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வந்தாள்.

விலையோ மலையேறிக்கொண்டே போனது. முன்பு ஒரு படி மிளகு போட்டால் கைநிறையத் தோட்டா வரும் என்பார் அய்யாவு. இப்போது கள்ளத்தனமாக ஒன்று கிடைத்தாலே ஒரு மாட்டின் விலை சொன்னார்கள். கொடியிலிருந்த மிளகைப் பச்சையாகவே விலைபேசி விற்றாள். அந்தப் பணத்தோடு அய்யாவு போனபோது ஒரு புரோக்கர் அவர் கையில் வைத்து அனுப்பியது ஊசிப்போன தோட்டா. கொக்கியை இழுத்தால் நமத்துப்போன அப்பளம் மாதிரி ஒரு சத்தம் வந்தது, கல்சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று, பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்து மாட்டை விற்றாள். அதற்குள் விலை இரண்டு மாடாகியிருந்தது.

ஒருநாள் அவள் புருஷனுக்குப் போர்வை போர்த்திவிடப் போனாள். குளிராது என்று தெரிந்தும் போர்த்துவாள். சடையாண்டி அவள் கையைப் பிடிக்க வந்து, தன் கையின் குளிர்ச்சி ஞாபகம் வந்து, பாதியில் இழுத்துக்கொண்டார்.

"தவமணி, நின்னுக்கிட்டே தூங்கச் சொன்ன மாதிரி இருக்கு."

"என்ன செய்யச் சொல்றீங்க. நானும் அலையாத எடமில்ல."

"தெரியுது. நான்தான் அதை வாழையில சுடச் சொன்னேன். யாரைக் குத்தம் சொல்ல." வாய் விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவராகச் சொன்னார். "ரொம்ப அலுப்பா இருக்கு. படுக்க விடேன்."

முப்பது வருஷத்தில் அந்த மனிதர் அவளிடம் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. தவமணி உள்ளே போய், பூங்கொடி கல்யாணத்துக்கென்று வாங்கி அரிசிப்பானைக்குள் வைத்திருந்த சங்கிலியை எடுத்தாள். அப்பாவுக்குத்தானே அம்மா, கொடு என்று பூங்கொடி அதையும் மாடு விற்ற பணத்தையும் வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். கீழே மிளகு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிற பெண் அவள், தினமும் ஸ்கூட்டியில் இறங்கி ஏறிப் பழகியவள், மண்டிக்கு வருகிற ஒரு லாரிக்காரரிடம் நல்ல தோட்டா ஒன்று இருக்கிறது என்று துப்பு வைத்திருந்தாள். விடிந்ததும் கிளம்பினாள். மலை முழுக்க மஞ்சு இறங்கிப் பாதை தெரியவில்லை, வெயில் வரட்டும் போ என்று சொல்லத் தவமணிக்கு வாய் வந்தது. லாரி போய்விடுமே என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

பொழுது மேற்கே சரிந்து, முற்றத்தில் பாதிக்கு நிழல் விழுந்தபோது பூங்கொடி வந்தாள், நடந்து வந்தாள். வண்டி ஆனைப்பாறை வளைவில் நின்றுவிட்டது, குறுக்குப்பாதையில் ஏறி வந்தேன் என்றாள். துணி நனைந்திருந்தது. கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் தாளில் சுற்றிய சிவப்புத் தோட்டா, ஒரு பொட்டு ஈரமில்லாமல். தவமணி அதை வாங்கி இரண்டு உள்ளங்கையிலும் வைத்துப் பார்த்தாள். ஒரு பெண்ணின் சங்கிலி, ஒரு மாடு, ஒரு வருஷத்து மிளகு, எல்லாம் சேர்ந்து ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு இருந்தது. காபி போடவா என்று கேட்டாள், வழியிலேயே குடித்துவிட்டேன் என்றாள் மகள். உன் கையென்ன இப்படி ஜில்லென்று இருக்கிறது என்று கேட்டாள். மஞ்சுக்குள்ளேயே வந்தேன் என்றாள். அந்த மாசத்தில் நெல்லிக்கொம்பையில் யார் கைதான் சூடாக இருக்கும்.

அய்யாவுக்கு ஆள் போனது. செய்தி தெரிந்து ஊரே முற்றத்துக்கு வந்துவிட்டது. வாத்தியார் மகன் வந்தான், முத்தையா பெண்டாட்டி புதுச் சேலையில் வந்தாள், பிரசவத்தில் போன பெண்ணின் மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்சுவரில் சடையாண்டி மகளைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார், பிறகு நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். பூங்கொடி போய் உட்கார்ந்து அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஊரே தொடத் தயங்குகிற உடம்பின் மேல் கூசாமல் சாய்ந்திருக்கிறாளே என் பிள்ளை என்று தவமணிக்குக் கண் நிறைந்தது.

அய்யாவு செருப்பைக் கழற்றும்போது பூங்கொடி எழுந்து அம்மாவிடம் வந்தாள்.

"இன்னைக்கே போடணுமாம்மா? நாளைக்குக் காலைல போட்டா என்ன?"

"பொழுது இருக்குல்ல. அப்பா படுற பாட்டப் பாத்தியா. இன்னொரு நாள் எதுக்கு."

"சரிம்மா." நின்றுகொண்டே இருந்தாள். "கொஞ்ச நேரம் தலை சீவி விடுறியா?"

தவமணிக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. இருபத்தைந்து வயசுப் பெண், ஊர் கூடி நிற்கிற நேரம் பார்த்து என்ன கொஞ்சல் இது.

"வெடி போட்டதும் தலைய அவுக்கத்தானடி போறோம். இப்ப எதுக்குச் சீவணும். போ, போயி அப்பா பக்கத்துல இரு."

நீ சொன்னால் சரி என்று பூங்கொடி திரும்பிப் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அய்யாவு துப்பாக்கியை மடித்துத் தோட்டாவைச் செருகினார், நிமிர்த்தினார், கன்னிமாரைக் கும்பிட்டார், வானத்தைப் பார்த்துக் கொக்கியை இழுத்தார்.

நல்ல தோட்டா. சத்தம் மலை மலையாகப் போய் முட்டி, மரத்திலிருந்த பறவையெல்லாம் கிளம்பி, பள்ளத்தில் பன்றிகள் கூட்டமாக ஓடுகிற ஓசை கேட்டு, கடைசியில் எதிர்மலையிலிருந்து தேய்ந்து திரும்பி வந்து அடங்கியது. அது அடங்க அடங்கக் கல்சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். முத்தையா தோளில் கிடந்த துண்டோடு சரிந்தார், வாத்தியார் மோவாய் நெஞ்சில் விழுந்தது, பிரசவத்தில் போன பெண் பிள்ளை இருந்த பக்கம் பார்த்தபடி ஒருக்களித்தாள். சடையாண்டி, வேலை முடிந்து வந்தவர் கட்டிலில் விழுவதுபோல, ஒரு பெருமூச்சோடு பின்பக்கம் சாய்ந்து படுத்தார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் தவமணிக்குத் தொண்டைக்கல் உருகியது. கொண்டையை அவிழ்த்து உதறினாள். அப்பனுக்கு முதல் அழுகை மகள் அழவேண்டும், அதுதான் முறை. ஆரம்பிடி என்று சொல்லத் திரும்பினாள்.

பூங்கொடி அப்பாவின் கால்மேல் குப்புற விழுந்து கிடந்தாள்.

துக்கத்தில் விழுந்துவிட்டாள் என்று இரண்டு பேர் தூக்கப் போனார்கள். தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். ஈரப் பின்னல் சரிந்து முன்னால் விழுந்திருக்க, பிடரிக்கு மேலே தலை பிளந்திருந்தது. ரத்தம் இல்லை, ஓடைத் தண்ணீரில் எப்போதோ கழுவிப்போயிருந்தது. முடிக்குள் பாசியும் பொடிக்கல்லும் இருந்தது. சீப்பை எடுத்து ஒரு தரம் இழுத்திருந்தால் தவமணியின் கையில் பட்டிருக்கும்.

ஆனைப்பாறை வளைவுக்கு ஓடிய ஆட்கள் திரும்பி வந்து சொன்னார்கள், தடுப்புக்கல் பெயர்ந்து கிடக்கிறது, பள்ளத்து ஓடைக்குள் ஸ்கூட்டி கிடக்கிறது, வெயில் ஏறுவதற்கு முன்பே, மஞ்சுக்குள் திரும்பி வரும்போதே விழுந்திருக்கவேண்டும் என்று. அந்தப் பள்ளத்திலிருந்து, அந்தத் தலையோடு, கவர் நனையாமல் அவள் மேலே ஏறி வந்திருக்கிறாள். அங்கே நின்ற எல்லாருக்கும் அது புரிந்தது. செத்தவர்கள் எழுந்தபோது அசையாத ஊர், மாதக்கணக்கில் பிணங்களோடு டீ குடித்த ஊர், அன்றைக்கு நடுங்கியது. முத்தையா பெண்டாட்டி புதுச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வாத்தியார் மகன் சுவர் ஓரத்தில் வாந்தியெடுத்தான்.

யாராவது ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் தவமணியின் தோளைத் தொட்டு, நல்ல எண்ணத்தில்தான், சொன்னார்.

"மனசத் தேத்திக்க ஆத்தா. புள்ளைக்கும் சேத்து ஒரே வெடியில ஆயிருச்சு. அவளுக்குன்னு தனியா ஒண்ணு தேடி நீ அலைய வேண்டியதில்ல."

தவமணி அவரைப் பார்த்தாள். பிறகு நேரே அய்யாவுவிடம் போய், துப்பாக்கியை அவர் கையிலிருந்து பிடுங்கி மடித்தாள். வெடித்த தோட்டாவின் கூடு சூடு ஆறிக் கீழே விழுந்தது. அதைப் பொறுக்கி அவரிடம் நீட்டினாள்.

"இதத் திருப்பி உள்ள போடுங்கண்ணே."

"தவமணி."

"நான் அவருக்குத்தான் வாங்குனேன். அவருக்கு மட்டுந்தான். இந்தச் சத்தத்தத் திருப்பி எடுங்க. எடுத்துட்டா எம்பொண்ணு எந்திரிச்சிருவா. அவ எப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதம். ஜில்லுன்னு இருந்துட்டுப் போகட்டும், சோறு திங்காம இருந்துட்டுப் போகட்டும், கல்யாணங் காச்சி ஒண்ணும் வேணாம். அந்தச் சுவத்துல உக்காந்திருந்தாப் போதும்."

அய்யாவு அந்தக் கூட்டைக் கையில் வாங்கிக்கொண்டார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடியில் ஊசி குத்திய பள்ளத்தைத் தடவினார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவரைப் பார்த்துப் பெண்டுகளும் குரலெடுத்தார்கள். தவமணி பாய்ந்து வந்து முதலில் எழுந்த குரலின் வாயைப் பொத்தினாள், அடுத்தவள் வாயைப் பொத்தினாள், அவிழ்த்துப்போட்ட தலையோடு முற்றம் முழுக்கச் சுற்றி வந்து ஒவ்வொரு வாயாக மூடினாள். யாரும் அழக்கூடாது, வெடி இன்னும் போடவில்லை, நான் கேட்கவில்லை, யாருக்கும் கேட்கவில்லை என்றாள். பிறகு மகளிடம் போய், அவளைத் தூக்கிக் கல்சுவரில் உட்காரவைத்து, சரியாமல் தன் தோளை முட்டுக்கொடுத்து, முந்தானையால் முடியைத் துவட்டி, விரலாலேயே சிக்கெடுத்துச் சீவத் தொடங்கினாள்.

சனம் முழுக்க வாயை மூடிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தது. பொழுது இறங்கியது, மஞ்சு வந்து எதிர்மலையை மறைத்தது. தவமணி பின்னி முடித்து, நுனியில் ரிப்பன் கட்டி, போதுமா பார் என்று கேட்டாள். பூங்கொடி எழுந்திருக்கவில்லை.